‘வாங்க’ன்னு கேட்கும் கட்டடம்: விமான நிலையத்தில் வரவேற்பு எங்கே பிறக்கிறது?

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய் வந்தவரிடம் "எப்படிக் கவனிச்சாக?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் வாயில் வருவது இதுதான்: "வாசல்லயே நின்னு வாங்கன்னு கேட்டாக." அந்த ஒரு சொல் விடுபட்டுப் போனால் இலை நிறையப் பலகாரம் வைத்தும் பயனில்லை. "வாங்கன்னுகூடக் கேக்கலை" என்ற மனத்தாங்கல் வருஷக்கணக்கில் நிற்கும்.

விமான நிலையத்திலும் இதே கணக்குத்தான். ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது நாம் பலகாரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். திருச்சியில் 2024 ஜனவரி 2ஆம் தேதி புதிய முனையம் திறந்துவைக்கப்பட்டபோது, கோபுர வடிவம், வண்ணங்கள், கோலங்கள் என்றே ஊரெல்லாம் பேச்சு. நம் ஊர் அடையாளம் நம் வாசலில் இருப்பது பெருமைதான். அதைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஊர் நிலையமானாலும், எவ்வளவு அழகான ஓவியமானாலும், அதன் அடியில் ஒருவர் தள்ளுவண்டியைப் பிடித்தபடி இடமா வலமா என்று தெரியாமல் நின்றால், அந்தக் கட்டடம் அவரை இன்னும் ‘வாங்க’ என்று கேட்கவில்லை.

முனையம் என்பது பயணிகள் வந்துபோகும் கட்டடம். ஓடுதளமும் மற்றதும் சேர்ந்ததுதான் விமான நிலையம். இந்தக் கட்டுரை முனையத்தைப் பற்றியது. வரவேற்புணர்வு என்று இங்கே சொல்வதும் எளிமையான ஒன்று: இந்த இடத்தில் எனக்கும் இடம் இருக்கிறது, அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரிகிறது, யாரும் என்னை விரட்டவில்லை என்ற மனநிலை. அதை உண்டாக்குவதில் பார்வை, வெளிச்சம், வரிசை, சத்தம் ஆகியவற்றின் பங்கு ஓவியத்தின் பங்கைவிடப் பெரிது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்

கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஒரு பழைய வீட்டின் தலைவாசலில் நின்று உள்ளே பாருங்கள். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுக்களைப் பக்கம் என்று வாசல் நிலைகள் ஒரே கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கதவெல்லாம் திறந்திருந்தால் பின்வாசல் வெளிச்சம் முன்வாசலில் தெரியும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அளவுக்கு நீளமாக இருக்கலாம். ஆனாலும் முதல்முறை வருகிறவர் வழி தவறுவதில்லை. யாரும் சொல்லித்தராமலேயே நேராக நடக்கிறார்.

அடுத்தது வெளிச்சம். தெருவில் வெயில் கொளுத்துகிறது. திண்ணைக்கு ஏறினால் நிழல். நிலையைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் இருட்டு. பிறகு வளவு முற்றத்தில் மேலிருந்து வெளிச்சம். கண்ணுக்குப் படிப்படியாகப் பழக நேரம் கிடைக்கிறது.

மூன்றாவது திண்ணை. உள்ளே போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காதவருக்கான இடம் அது. வழிப்போக்கர் உட்காரலாம், வீட்டுக்காரரைப் பார்க்க வந்தவர் காத்திருக்கலாம், கொண்டுவிட வந்தவர் நின்று பேசலாம். அங்கே இருப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, நேர்ப்பார்வை, படிப்படியான வெளிச்சம், தயங்கி நிற்க ஓரிடம். பர்மாத் தேக்குத் தூணும் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் இந்த மூன்றின்மேல் ஏறிய அழகு. தூணை மட்டும் பெயர்த்துக்கொண்டு போய் வேறொரு கட்டடத்தில் நட்டால் வரவேற்பு கூடவே வந்துவிடாது.

கண்ணாடிக் கதவுக்கு அப்புறம் பத்தடி

இனி முனையத்தின் வாசலுக்கு வருவோம். காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் திருச்சி ஊருக்குள் நுழையாமலே இறங்கிவிடலாம். நடுப்பகல். சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கத் தனியாகக் கிளம்பும் ஓர் ஆச்சி, பாஸ்போர்ட் வைத்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி கண்ணாடிக் கதவைத் தாண்டுகிறார். நாலே எட்டு. நின்றுவிடுகிறார்.

பயத்தில் நிற்கிறார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அவருக்குக் கண் தெரியவில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்பார்கள். உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். கூடத்துக்குள் இருப்பது பெரும்பாலும் 200 முதல் 300 லக்ஸ். ஒரு கதவைத் தாண்டியதும் வெளிச்சம் முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இளம் கண்ணே திணறும். கண்ணில் புரை உள்ளவர்களுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். அந்தச் சில வினாடிகளில் எதிரே தொங்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்க வராது. பின்னால் வருகிறவர்களின் வண்டி குதிகாலில் இடிக்கிறது. "நகருங்கம்மா" என்று ஒரு குரல். அவ்வளவுதான். அந்தக் கட்டடம் அவரிடம் பேசிய முதல் வார்த்தை ‘நகருங்க’.

இதைச் சரிசெய்யப் பெருஞ்செலவு வேண்டாம். வாசலுக்கு வெளியே அகலமான கூரை இறக்கி நிழல் கொடுக்க வேண்டும்; அது திண்ணை. கதவை ஒட்டிய பகுதியில் பகலில் கூடுதல் விளக்கு எரிய வேண்டும். இரவில் அதையே குறைக்க வேண்டும், ஏனென்றால் அப்போது கண் இருட்டிலிருந்து வருகிறது. கதவுக்கு உள்ளே எட்டுப் பத்து மீட்டருக்கு எதையும் வைக்காமல் விட வேண்டும். விளம்பரத் தட்டியும் மொபைல் சிம் விற்கும் மேசையும் பரிசுக் கார் காட்சியும் வந்து உட்காருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எல்லோரும் கடந்துபோகும் இடம் என்பதால் வாடகை அதிகம் கிடைக்கும். வரவேற்பு முதலில் உடைவதும் அங்கேதான்.

தரையும் கவனத்துக்குரியது. கண்ணாடிபோல் மெருகேற்றிய கருங்கல்லில் கூரை விளக்கு பிரதிபலிக்கும்போது, பார்வை மங்கியவருக்கு அது ஈரம்போலத் தெரியும். வழுக்குமோ என்று கால் தயங்கும். வெளிர் தரையின் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டை ஒரு படிபோலவோ பள்ளம்போலவோ தோன்றும். நம் வீடுகளில் ஆத்தங்குடிக் கல்லின் கரை சுவரை ஒட்டி, நடக்கும் திசையிலேயே ஓடும். சேலைக் கரை மாதிரி. அது காலை மறிக்காது, கூட்டிக்கொண்டு போகும்.

எந்தப் பக்கம் போவது?

வழியறிதல் என்று ஒரு துறையே உண்டு. தெரியாத இடத்தில் மனிதர் தன் வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதையும், அதற்குக் கட்டடம் எப்படி உதவலாம் என்பதையும் ஆராய்வது அது. அதில் முக்கியமான சொல் முடிவிடம்: நடப்பவர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய புள்ளி. விமான நிலைய வடிவமைப்பின் முதல் பாடம் முடிவிடங்களைக் குறைப்பது. இரண்டாவது பாடம், ஓர் இடத்தில் ஒரு முடிவு மட்டும் கேட்பது. உள்நாடா வெளிநாடா, எந்த நிறுவனம், எந்த வரிசை, பெட்டி போடணுமா இல்லையா என்று நாலு கேள்வியையும் ஒரே தூணுக்குக் கீழே கேட்டால் படித்தவரும் திகைப்பார்.

பலகை நல்லதாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பலகை இரண்டாவது மருந்து. முதல் மருந்து பார்வைக்கோடு, அதாவது நிற்கும் இடத்திலிருந்து போகவேண்டிய இடம் நேராகக் கண்ணில் படுவது. கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த ஸ்டான்ஸ்டெட் விமான நிலைய முனையத்தை லண்டனுக்கு வெளியே 1991இல் திறந்தார்கள். கூரைக்குள் ஓடும் குளிர்சாதனக் குழாய், மின்வடம் எல்லாவற்றையும் அவர் தரைக்கு அடியில் இருந்த தளத்துக்கு இறக்கிவிட்டார். கூரை லேசாகி, பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. வண்டியிலிருந்து இறங்கியவருக்கு மண்டபத்தின் மறுபக்கம் விமானம் தெரிந்தது. விமானம் தெரிந்தால் எந்தப் பக்கம் நடப்பது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பின்வாசல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வளவைக் கடக்கிற அதே தந்திரம். பிற்காலத்தில் அங்கே கடைகள் பெருகியபோது அந்த நேர்ப்பார்வை மறைந்துபோனது. கட்டடக்கலையை நேசிப்பவர்களுக்கு அது இன்றும் வருத்தம் தரும் செய்தி.

பார்வைக்கோடு கிடைக்காத இடத்தில்தான் பலகை வரவேண்டும். அதற்கும் கணக்கு இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தில் 1967இல் வடிவமைப்பாளர் பென்னோ விஸ்ஸிங் மஞ்சள் பலகைகளைக் கொண்டுவந்தார். பயணத்துக்குத் தேவையான வழியெல்லாம் மஞ்சள். மற்ற வசதிகளுக்கு வேறு நிறம். கூட்டத்தில் எதைத் தேடுவது என்று கண் உடனே கற்றுக்கொண்டது. பாரிசின் சார்ல் தெ கோல் நிலையம் 1974இல் திறந்தபோது, தூரத்திலிருந்தும் சாய்ந்த கோணத்திலிருந்தும் படிக்கும்படியான எழுத்துருவை அட்ரியன் ஃப்ரூட்டிகர் அதற்கென்றே வரைந்தார்.

எழுத்தின் உயரத்துக்குப் பழகிய கணக்கு ஒன்று உண்டு: 9 மீட்டர் தூரத்துக்கு 2.5 சென்டிமீட்டர். சாதாரணமாக நடப்பவர் வினாடிக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர் போவார். அவர் யோசித்து முடிவெடுக்க 15 வினாடி கொடுக்க வேண்டுமென்றால் பலகை 20 மீட்டர் முன்னாலேயே படிக்க வரவேண்டும். அப்படியானால் எழுத்து 5.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இது ரோமன் எழுத்துக்கான கணக்கு. தமிழில் ‘ணை’, ‘ஞா’, ‘கூ’ போன்றவற்றில் சுழியும் கொம்பும் நெருக்கமாக இருப்பதால் அதே உயரத்தில் எழுதினால் முன்னதாகவே மங்கும். தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளையும் ஒரே பலகையில் அடைக்கும்போது நீளமான தமிழ்ச் சொல்லைச் சுருக்கி நெருக்குவது வழக்கமாகிவிட்டது. அது தவறு. தமிழுக்குக் கொஞ்சம் கூடுதல் உயரமும் வரிக்கு வரி இடைவெளியும் கொடுத்தால்தான் மூன்றும் சமமாகப் படிக்க வரும்.

சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் இடத்தை நாம் குடியேற்றம் என்கிறோம், சிங்கப்பூர்த் தமிழில் அது குடிநுழைவு, இலங்கையில் குடிவரவு. எது சரி என்ற வாதம் வேறு. ஒரே கட்டடத்துக்குள் ஒரு பலகையில் ஒன்றும் அடுத்ததில் இன்னொன்றும் இருந்தால், அவை இரண்டு வேறு இடங்கள் என்றுதான் புதியவர் எண்ணுவார்.

இதுவரை பார்த்தது: நுழைந்ததும் கண் பழக நேரமும் இடமும் வேண்டும், அடுத்த கட்டம் நேராகத் தெரிய வேண்டும், தெரியாத இடத்தில் முன்கூட்டியே, ஒரே சொல்லில், பெரிய எழுத்தில் பலகை சொல்ல வேண்டும்.

கல்யாணக் கூட்டமும் காலி வீடும்

திருச்சி முனையம் ஆண்டுக்கு 44 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகளைத் தாங்கும், நெரிசல் நேரத்தில் ஏறத்தாழ 3,500 பேரைக் கையாளும் என்று அறிவித்தார்கள். இந்த இரண்டு எண்களும் முரண்படுவதாகச் சிலருக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 44 லட்சத்தை 365 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 12,000 பேர். அதை 24 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 500 பேர்தான். அப்படியிருக்க 3,500 எதற்கு? விமானங்கள் சீராகச் சொட்டுவதில்லை, கொத்தாக வரும். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று நாலு விமானத்துக்குக் கூட்டம் ஒரே வேளையில் சேரலாம். அந்த வேளைக்கு உச்ச நேரம் என்று பெயர். முனையத்தின் அளவைத் தீர்மானிப்பது அதுதான். வருஷம் முழுக்கப் பத்துப் பேர் புழங்கும் வீட்டை ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தை நினைத்துக் கட்டிய ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உச்ச நேரத்தில் ஒருவருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஐயாட்டா என்கிற உலக விமானப் போக்குவரத்துச் சங்கம் இதற்கு அளவுகள் வைத்திருக்கிறது. செக்-இன், அதாவது பயணத்தைப் பதிந்து பெட்டியைக் கொடுக்கும் இடத்தின் வரிசையில் பெட்டியோடு நிற்பவருக்கு 1.3 முதல் 1.8 சதுர மீட்டர். நம் கணக்கில் 14 முதல் 19 சதுர அடி. ஒரு கயிற்றுக் கட்டில் போடும் இடம். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்புச் சோதனைக்கு நிற்பவருக்கு 1.0 முதல் 1.2 சதுர மீட்டர் போதும். சாதாரண வகுப்பு செக்-இனுக்கு 10 முதல் 20 நிமிடம், பாதுகாப்புச் சோதனைக்கு 5 முதல் 10 நிமிடம் காத்திருப்பது ஏற்கத்தக்கது. அதற்கு மேல் போனால் குறை. அதற்கு மிகவும் குறைவாக இருந்தாலும் தேவைக்கு அதிகமாகக் கட்டிச் செலவழித்தார்கள் என்று பொருள். நமக்குப் பிடிக்காவிட்டாலும் அந்தக் கணக்கு நியாயமானது.

காத்திருப்பில் கடிகாரம் சொல்லும் நேரம் ஒன்று, மனம் எண்ணும் நேரம் ஒன்று. இதை மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985இல் தெளிவாக வகுத்துச் சொன்னார்: கை ஓய்ந்திருக்கும் நேரம் நீளமாகத் தெரியும், வேலை இருந்தால் குறையும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு தெரிந்ததைவிட நீளும், நியாயமில்லாத காத்திருப்பு நியாயமானதைவிட நீளும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நிலையத்தைப் பற்றி இதற்கு எடுத்துக்காட்டாகப் பரவலாகச் சொல்வார்கள். பெட்டி வரத் தாமதம் என்று புகார்மேல் புகார். ஆள் கூட்டியும் புகார் ஓயவில்லை. விமானம் நிற்கும் இடத்தைத் தள்ளி வைத்து, பயணி நடக்கும் தூரத்தைக் கூட்டினார்கள், நின்று காத்த நேரம் நடக்கும் நேரமாக மாறியது, புகார் அடங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழங்கால் வலியுள்ளவரை வைத்து இதைச் செய்யக் கூடாது. கூடுதல் நடை அவருக்கு வரவேற்பாக இருக்காது, தண்டனையாகத்தான் இருக்கும்.

மைஸ்டர் சொன்ன நியாயம்தான் வரிசையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. நாலு கவுண்டருக்கு நாலு தனி வரிசை வைத்தால், உங்கள் இரு பக்கத்து வரிசைகளையும் உங்களுடையது முந்த மூன்றில் ஒரு வாய்ப்புதான். அதாவது மூன்று முறை நின்றால் இரண்டு முறை பக்கத்தில் யாரோ உங்களுக்கு முன்னால் போவார். எல்லோருக்கும் பொதுவாக வளைந்து வளைந்து போகும் ஒரே வரிசை வைத்து, எந்தக் கவுண்டர் காலியாகிறதோ அங்கே அடுத்தவர் போனால் இந்த ஏமாற்றம் வராது. முன்னால் ஒருவருடைய பெட்டி எடை கூடி அவர் சாமான்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாலும், அவருக்குப் பின்னால் நிற்பவர் மட்டும் மாட்டிக்கொள்வதில்லை. தாமதம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துவிடுகிறது. இந்த வளை வரிசையில் நடக்கும் தவறு ஒன்று: கூட்டமே இல்லாத நேரத்திலும் தடுப்புப் பட்டைகளை அவிழ்க்காமல் விட்டுவிடுவது. ஆளில்லாத கூடத்தில் எட்டுத் தடவை வளைந்து நடக்கும் பயணிக்கு, தன்னை யாரும் பார்க்கவே இல்லை என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

சத்தம்

பலரும் கவனிக்காத விஷயம் இது. பெரிய கூடத்தில் கைதட்டினால் ஓசை அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த ஓசை 60 டெசிபல் (ஓசையை அளக்கும் அலகு) தணிய ஆகும் நேரத்துக்கு எதிரொலி நேரம் என்று பெயர். பேச்சு தெளிவாகக் கேட்க அது 1 முதல் 1.5 வினாடிக்குள் இருப்பது நல்லது. கல் தரை, கண்ணாடிச் சுவர், உலோகக் கூரை என்று கட்டினால் அது மூன்று வினாடியைத் தாண்டிவிடும். அப்போது அறிவிப்பின் முதல் சொல் அடங்குமுன் நாலாவது சொல் வந்துவிடுகிறது. ஊர்ப் பெயரும், விமானம் ஏறும் கதவின் எண்ணும் கரைந்து ஒரே இரைச்சலாகிறது. கேட்கவில்லையே என்று ஒலிபெருக்கியைக் கூட்டுவார்கள். அதனால் இன்னும் மோசமாகும். மருந்து எளிது: ஓசையை உறிஞ்சும் பரப்பை இரட்டித்தால் எதிரொலி நேரம் பாதியாகும். காத்திருக்கும் இடத்தில் கம்பளம், கூரையில் சிறு துளையிட்ட பலகைகள், மெத்தை வைத்த இருக்கை ஆகியவற்றால் இதைச் செய்துவிடலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கம்பளம் விரித்திருப்பதன் பயனில் பாதி காதுக்குப் போகிறது.

நம் வளவில் ஐந்நூறு பேர் சாப்பிட்டாலும் பேச முடிகிறதே என்றால், முற்றம் மேலே திறந்திருக்கிறது. ஓசை வானத்துக்குப் போய்விடுகிறது.

அறிவிப்பை உள்ளூர் மொழியில் முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் இந்தியும் ஆங்கிலமும் என்று இந்திய விமான நிலைய ஆணையம் 2018இல் தன் நிலையங்களுக்குச் சொல்லியிருக்கிறது. முதலில் தமிழ் கேட்டால் காது நிமிரும். ஆனால் எதிரொலி அதைக் கரைத்துவிட்டால் அந்த மரியாதை காற்றோடு போய்விடும்.

கடைகளுக்கு நடுவே வளையும் வழி

பாதுகாப்புச் சோதனை முடிந்து வெளியே வந்தால் பல பெரிய நிலையங்களில் நேர் வழி இருக்காது. வாசனைத் திரவியம், சாக்லேட் அடுக்குகளுக்கு நடுவே பாதை வளைந்து போகும். இது வேண்டுமென்றே செய்வது. நிலையத்தின் வருமானத்தில் கடைகளின் பங்கு பெரிது. பயணிக் கட்டணம் கொஞ்சமாவது அடங்கியிருக்க அதுவும் ஒரு காரணம். ஆனால் பார்வைக்கோட்டை மறைத்து எடுத்த பணம் அது. இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறது. கடைகளை இருபுறமும் வைத்துவிட்டு நடுப்பாதையையும், அதன் முடிவில் கதவு எண்களையும் கண்ணில் படும்படி விட்டால் போதும். தன் கதவு எங்கே என்று தெரிந்தவர்தான் நிம்மதியாக நின்று சாமான் பார்ப்பார்.

அப்படியானால் அழகு வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. டெல்லியின் மூன்றாவது முனையம் 2010இல் திறந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர் குடியேற்றச் சோதனைக்கு இறங்கும் இடத்தில், செம்பு வட்டத் தகடுகளின் முன்னால், நாட்டிய முத்திரை காட்டும் பெரிய கைகள் வரிசையாக நிற்கும். அவர் போகவேண்டிய திசையிலேயே அவை இருக்கின்றன. கண்ணை இழுத்து, காலையும் அங்கேயே கொண்டுபோகின்றன. சாங்கியின் முதல் முனையத்தில் 2012இல் செம்பு பூசிய 1,216 துளிகளைக் கம்பியில் தொங்கவிட்டு, மழைபோல் ஏறி இறங்கச் செய்தார்கள். "அந்த மழைக்கிட்ட நில்லு, வந்துடறேன்" என்று தொலைபேசியில் சொல்ல முடிகிறது. அழகு அங்கே அடையாளக் குறியாகிவிடுகிறது. ஊர்க் கோபுரத்தைப் பார்த்து வழி சொல்வது நமக்குப் பழக்கம்தானே.

அதே சிலையை வரிசை திரும்பும் இடத்தில் வைத்தால் படம் எடுக்க ஆள் கூடி வழி அடைபடும். ஓவியத்தை எல்லாச் சுவரிலும் ஒரே மாதிரி வரைந்தால் எந்தச் சுவரும் அடையாளமாக இராது.

வருகைப் பக்கம்

புறப்பாட்டுக் கூடத்துக்குத்தான் உயரமான கூரை, படம் எடுக்கும் அழகெல்லாம் கிடைக்கும். வருகிறவர் பெரும்பாலும் கீழ்த்தளத்தில், தாழ்ந்த கூரையின் அடியில், நீண்ட நடைவழியில் வருவார். ஆனால் ‘வாங்க’ என்று கேட்க வேண்டியது அவரைத்தானே. விமானத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்தவருக்கு முதலில் வேண்டியது கழிப்பறையும் குடிதண்ணீரும். இரண்டும் குடியேற்ற வரிசைக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அவர் வரிசையை விட்டுப் போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. அடுத்து, எந்த விமானத்தின் பெட்டிகள் எந்த ஓடும் பட்டையில் வரும் என்று காட்டும் திரை, பட்டைகளை அடைவதற்கு முன்பே, கூடத்தின் வாயிலில் இருக்க வேண்டும்.

வெளியே இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் நிற்கிறது. தேவகோட்டையிலிருந்து வேன் பிடித்துப் பதினொரு பேர் வந்திருக்கிறார்கள். தோளில் உட்கார்ந்த குழந்தை ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் "அப்பா" என்கிறது. நம் ஊர்களில் ஒரு பயணிக்குப் பல பேர் வருவது வழக்கம். டிக்கெட் இல்லாதவர் உள்ளே போக முடியாது என்பதால் எல்லோரும் வாசலில்தான் நிற்க வேண்டும். இங்கே திண்ணை இல்லை என்பதுதான் குறை. உட்காரச் சாய்வு பெஞ்சு, மின்விசிறி, தண்ணீர், எந்த விமானம் இறங்கியது என்று காட்டும் திரை, வெளியே வருகிறவர் முகம் பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்திலேயே தெரியும்படி நேரான வழி. இவ்வளவு போதும். கதவுக்கு உடனே ஒரு திருப்பம் வைத்தால் வந்தவர் கூட்டத்தின் நடுவில் திடீரென்று முளைப்பார். கட்டிக்கொள்ள எல்லோரும் அங்கேயே நிற்பார்கள். பின்னால் வருகிற வண்டிகள் அடைபடும். கதவுக்கு அப்பால் ஓரமாக ஓர் அகலமான மூலை ஒதுக்கினால் கூட்டம் தானாக அங்கே நகர்ந்துவிடும்.

பெரியவர் தனியாகப் பறக்கும்போது

கட்டடம் மாறும்வரை நாம் செய்யக்கூடியது, கட்டடம் சொல்லத் தவறுவதை முன்கூட்டியே சொல்லி அனுப்புவது. வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னால் கொண்டுபோய் விடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். நடக்க முடிகிறவராக இருந்தாலும் இது வெட்கப்படும் விஷயமில்லை. கூடவே வழி தெரிந்த ஓர் ஆள் வருவார் என்பதே அதன் பெரிய பயன். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் ஓரமாக ஒதுங்கி, கண் பழகும்வரை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். செக்-இன், குடியேற்றம், பாதுகாப்புச் சோதனை, கதவு எண் என்ற நாலு நிறுத்தங்களையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில், வரிசையாக, பலகையில் இருக்கும் அதே சொற்களில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அடித்துவிடட்டும்.

இறங்கும் ஊரில் யார் வருவார், எங்கே நிற்பார் என்பதையும் அதே தாளின் பின்பக்கம் எழுதுங்கள். "வெளியே இருப்பேன்" என்று எழுதாதீர்கள். தூண் எண்ணோ, கதவு எண்ணோ, கடையின் பெயரோ போட்டு எழுதுங்கள்.